சாவி

தலைஞாயிறுக்குத் தெற்கே
அரிச்சந்திரா ஆறு தன் பெயரைக் கடலிடம்
ஒப்படைப்பதற்குக் கொஞ்சம் முன்னால்
பக்கிரிசாமியின் ஒன்பது மா.
நட்டு நாற்பத்தோராம் நாள்.

ஒரு குத்துப் பயிரைத் தூரோடு பிடுங்கி உதறினேன்.
உதிர்ந்த மண் எனக்கு வேண்டாம்.
உதறியும் விடாமல்
வேர்த்தூவியைப் பிடித்துக்கொண்டிருந்த மண்
ஒரு தேக்கரண்டி இருக்கும்.
அதைக் குழாயில் அடைத்து
தேதி எழுதி, மெஹருன்னிசா என்று கையெழுத்துப் போட்டு
ஐஸ்பெட்டியில் வைத்தேன்.

"இதுல என்னம்மா பாப்பீங்க?"

வைரஸ் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
களை பறித்த நால்வரில் ஒருத்தி
சேறு படிந்த கையோடு
தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள்.
அவளைச் சொல்லிக் குற்றமில்லை.
அந்தச் சொல் இந்த ஊருக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது.
துங்ரோவாக வந்து பயிரை மஞ்சளாக்கியது.
பிறகு ஆம்புலன்ஸில் வந்தது.

இது ஆளைத் தொடாது என்றேன், பயிரையும் தொடாது.
வேரை ஒட்டிப் பாக்டீரியா குடியிருக்கிறது,
அதற்குள் இது குத்தகைக்குப் போகும்.
சில சமயம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும்.
சில சமயம் ஒரே ராத்திரியில்
வீட்டை உடைத்துக்கொண்டு
நூறாக வெளியே வரும்.

"குத்தகைக்காரன் வீட்டை ஒடைப்பானா?"
"இவன் உடைப்பான்."
"அப்ப நமக்கு என்ன லாபம்?"

நியாயமான கேள்வி. ஆய்வுக்குழுவில் கேட்டதை விட நியாயம்.

உடைந்த வீட்டில் சிந்தியதை வேர் குடிக்கும் என்றேன்.
அது மட்டுமில்லை,
முன்பு எங்கோ தங்கிய வீட்டிலிருந்து
ஒரு ஜீனை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கும்.
களவோ, கடனோ, யாரும் பார்க்கவில்லை.
புது வீட்டில் அதை எடுத்துக் கொடுக்கும்,
குடியிருக்கும் வரைக்குமாவது அந்த வீடு நன்றாக நடக்கட்டும் என்று.
நீங்கள் போட்ட டிஏபியில் பாதி
இந்த மண்ணிலேயே இறுகிப் பூட்டிக்கிடக்கிறது.
அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி
இந்த வைரஸிடம் இருக்கலாம்.

"சாவியா?"

அவர் முகத்தில் ஒரு மடை அடைத்துக்கொண்டது.

"போன தையில பூராவும் சாவிதாம்மா.
பூ புடிக்கிறப்ப உப்புத்தண்ணி ஏறிடுச்சு.
தூத்துனா காத்தோட போவுது,
முறத்துல ஒண்ணும் நிக்கல."

நான் கூத்தாநல்லூர்க்காரி.
பாதித் தெரு மலேசியாவில் இருக்க
இருபத்தேழு வீட்டுக் கொத்து என் அத்தா இடுப்பில் கிடக்கும்.
எனக்குச் சாவி என்றால் இரும்பு.
நடந்தால் சத்தம் வரும்.
உமிக்குள் ஒன்றுமில்லாததற்கும் அதே பெயர் என்று
படித்த வருடங்களில் எவரும் சொல்லவில்லை.

திருவாரூர் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.
"மீனா?"
"மண்."
"மண்ணுக்கு எதுக்கு ஐஸு?"
பதிலுக்குக் காத்திராமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து
திரையில் நான்கு எழுத்துகள் மாறி மாறி ஓடின.
வால் செய்யும் ஜீனுக்கும்
வீட்டை உடைக்கும் ஜீனுக்கும் நடுவே
யாருடையதோ ஒன்று, முழுசாக,
பாஸ்பரஸை விடுவிக்கக்கூடியது போல.
"போல" என்பது கணினியின் சொல்.
மண்ணுக்குள் அது வேலை செய்கிறதா, சும்மா கிடக்கிறதா
என்று தெரிய இன்னும் இரண்டு போகம் வேண்டும்,
ஒரு கருவி வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.
ஜெனரேட்டர் இருமியது.
குளிர்ப்பெட்டி மைனஸ் எண்பதிலிருந்து
எழுபத்தொன்பதுக்கு வந்து, திரும்பிப் போனது.

பக்கிரிசாமி போன் செய்தார்.
"கதிர் தல காட்டிடுச்சும்மா."
உப்பு?
"இன்னும் ஏறல. காத்து கெழக்கேருந்து அடிக்குது,
பாப்போம்."
வைரஸைப் பற்றி அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

மறுநாள் விவசாயிகளுக்கான துண்டறிக்கை
அச்சுக்குப் போக இருந்தது.
நான்கு இடத்தில் சாவி.
நான்கையும் அடித்துவிட்டுத்
திறவுகோல் என்று எழுதினேன்.
இந்தச் சம்பாவுக்கு
எங்களால் அவருக்கு ஆனது அவ்வளவுதான்.